குறிஞ்சிக்கு வருகிறவர்களே, வழியில் தேவாங்கு இருக்கிறது

பெறுநர்: 2030-இல் நீலக்குறிஞ்சி பார்க்கக் கோடைக்கானல் ஏற இருக்கும் குடும்பங்கள், நண்பர் குழுக்கள், வேன் ஓட்டுநர்கள், சுற்றுலா ஏற்பாட்டாளர்கள்.



வேலை, தேர்வு, அந்த ஆகஸ்டில் வந்த கேரள வெள்ளம் என்று ஏதோ ஒரு காரணத்தால் 2018-இல் குறிஞ்சியைத் தவறவிட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அடுத்த முறை விடுவதாக இல்லை என்று அன்றைக்கே சொல்லிவைத்தவர்களும் இருப்பீர்கள். பழனி மலையிலும் மூணாறிலும் அந்த அடுத்த முறை 2030-இல் வருகிறது. தாராளமாக வாருங்கள். உங்களைத் தடுக்க இந்த மடல் எழுதப்படவில்லை. நீங்கள் பார்க்க வரும் பூ இருக்கிற அதே மாவட்டத்தில் இன்னொரு உயிரும் குடியிருக்கிறது. தூங்கிக்கொண்டே நீங்கள் கடந்துபோகும் அந்த உயிரை முன்கூட்டியே அறிமுகம் செய்துவைக்கத்தான் இது.

சென்னையிலிருந்து காரிலோ வேனிலோ கோடைக்கானல் வருகிறவர்கள் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்புவார்கள். விடியும்போது டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தி அருவியைப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்குப்படி திருச்சி, மணப்பாறை தாண்டி அய்யலூரை நெருங்கும்போது பின்னிரவு மூன்று, நான்கு மணி ஆகியிருக்கும். வண்டிக் கருப்பணசாமி கோயில் வந்ததும் ஓட்டுநர் ஹாரன் அடித்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பின் இருக்கையில் ஒருவரும் விழித்திருக்க மாட்டார்கள். வெளியே வேலமரம், கள்ளி, கரடு, மறுபடியும் வேலமரம். படம் எடுக்க யாரும் இறங்காத இடம். அந்த நேரத்தில் அந்த வேலமரங்களில் தேவாங்குகள் வேலைநேரத்தில் இருக்கும்.

குறிஞ்சியையும் தேவாங்கையும் சேர்த்துப் பேசுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாகத் தோன்றலாம். ஒன்று செடி, ஆடாதோடைக்கும் கனகாம்பரத்துக்கும் சொந்தம். மற்றது பாலூட்டி, குரங்கும் மனிதனும் அடங்கிய முதனி வரிசையில், மடகாஸ்கர் லெமூர்கள் இருக்கும் பழைய கிளையைச் சேர்ந்தது. தாவரவியலும் விலங்கியலும் இவற்றைப் பக்கத்துப் பக்கத்து அலமாரியில்கூட வைப்பதில்லை. ஆனால் இரண்டுமே திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கின்றன. ஒன்று மேலே, பழனி மலையின் குளிர்ந்த புல்வெளியில். மற்றது கீழே, மழை குறைந்த முட்காட்டில். இரண்டையும் ஒருசேர நிறுத்திப் பார்த்தால், தனித்தனியாகப் பார்க்கும்போது கண்ணில் படாத ஒரு சங்கதி தெரியவரும்.

முதலில் ஆயுள். பழனி மலைக் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டு இருக்கும். வளர்ப்பில் உள்ள தேவாங்கு பதினைந்து ஆண்டு வரைகூட வாழும். கையிருப்பு ஏறத்தாழ ஒன்றுதான். செலவழிக்கும் விதம் நேரெதிர்.

குறிஞ்சி, வருடக்கணக்கில் சீட்டுக் கட்டி, மொத்தத் தொகையையும் எடுத்து ஒரே கல்யாணத்தில் செலவழித்துவிடும் வீடு. பதினொரு ஆண்டு புல்லுக்கு நடுவே முழங்கால் உயரத்தில், சில இடங்களில் அதற்கும் மேலே, வெறும் பச்சைப் புதராக நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் 1,300 மீட்டரிலிருந்து 2,400 மீட்டர் வரையுள்ள சரிவுகள்தான் அதன் இடம். பன்னிரண்டாம் ஆண்டு, மழையை ஒட்டி, சரிவிலுள்ள செடியெல்லாம் ஒன்றாகப் பூக்கும். விதை முற்றியதும் எல்லாம் ஒன்றாகச் சாகும். 1838-இலிருந்து குறித்துவைக்கப்பட்ட பூப்புகளை வரிசைப்படுத்தினால் 1850, 1862, 1874 என்று பன்னிரண்டு பன்னிரண்டாக ஏறி 1994, 2006, 2018-க்கு வந்து நிற்கிறது. நாள்காட்டியும் நினைவூட்டலும் இல்லாத ஒரு செடி இந்தக் கணக்கை எப்படித் தப்பாமல் வைத்திருக்கிறது என்பது வியப்புதான்.

எல்லாம் ஒரே நேரத்தில் பூப்பதில் என்ன லாபம்? எலியும் பறவையும் பூச்சியும் வயிறு முட்டத் தின்ற பிறகும் மிச்சம் கிடக்கும் அளவுக்கு விதை கொட்டும். அடுத்த பதினொரு ஆண்டு ஒரு விதைகூடக் கிடைக்காது என்பதால், அதை மட்டும் நம்பிப் பெருகிக் காத்திருக்கவும் அவற்றால் முடியாது. மூங்கில் கூட்டமாகப் பூப்பதற்கும் இதே விளக்கத்தைத்தான் சொல்வார்கள். ஒரு சரிவு முழுவதும் ஒரே பூ என்றால் தேனீ சுமக்கும் மகரந்தமும் இடம் மாறி வீணாவதில்லை.

பூ வாடிப் பல வாரம் கழித்துத்தான் விஷயமே நடக்கிறது. காய் காய்ந்து வெடிக்கும். விதைக்கு அடியில் இருக்கும் சின்னக் கொக்கி அதைச் சுண்டி எறியும். பள்ளி நாட்களில் பட்டாசுக்காயை எச்சில் தொட்டு உள்ளங்கையில் வெடிக்கவைத்தவர்களுக்கு இது பழகிய வித்தை. அதுவும் குறிஞ்சியின் குடும்பத்துச் செடிதான். ஆனால் பட்டாசுக்காய்ச் செடி ஆண்டுக்குப் பலமுறை காய்க்கும். குறிஞ்சிக்கு வாழ்நாளில் ஒரே பருவம். நீங்கள் ஒரு கொத்தை ஒடித்துக் காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால், அந்தக் கிளைக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது.

இப்போது கீழே இறங்குவோம்.

தேவாங்கின் எடை கால் கிலோவைச் சுற்றி இருக்கும். வால் இல்லை. முகத்தில் பாதி கண். இந்தியாவின் தென்பகுதியிலும் இலங்கையிலும் உள்ள சாம்பல் தேவாங்கு ஓர் இனம். இலங்கையில் மட்டும் உள்ள செந்தேவாங்கு இன்னொன்று. அய்யலூர்ப் பக்கம் இருப்பது சாம்பல் தேவாங்கின் வறண்ட நிலத்து வகை. தாய் ஐந்தரை மாதம் சுமந்து ஒரு குட்டியோ இரட்டையோ ஈனும். சில வாரங்கள் குட்டி தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டே திரியும். பிறகு அந்தியில் தாய் அதை ஒரு கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் போகும். விடியுமுன் வந்து எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அள்ளிவிடுவதெல்லாம் இங்கே நடக்காது. ஒவ்வொரு குட்டியாகத்தான் கணக்கு ஏறும், ஒவ்வொன்றாகத்தான் இறங்கும். சாலையில் ஒரு தாய் அடிபட்டால் கிளையில் காத்திருக்கும் குட்டியும் சேர்ந்தே போகும்.

1990-களின் பிற்பகுதியில் அன்னா நெக்காரிஸ், சிந்து ராதாகிருஷ்ணா, மேவா சிங் ஆகிய ஆய்வாளர்கள் திண்டுக்கல் மாவட்ட முட்காடுகளில் இரவிரவாகத் தேவாங்குகளைப் பின்தொடர்ந்தார்கள். அதுவரை பாடநூல்களில் தேவாங்கு தனிமை விரும்பி, சோம்பேறி. அவர்கள் கண்டது வேறு. பகலில் முள்ளடர்ந்த கிளைகளுக்குள் பல தேவாங்குகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து உறங்கின. இரவில் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டன. வேண்டியபோது விரைந்தும் ஓடின.

அது சாப்பிடுவதைக் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். மூக்கை நீட்டி மோப்பம் பிடித்தபடி கிளையில் அடி மேல் அடி வைத்துப் போகும். இரை தட்டுப்பட்டதும் பின்னங்கால்களால் கிளையை இறுகப் பற்றிக்கொண்டு கைகளை விடுவிக்கும். அடுத்த கணம் பூச்சி கைக்குள் இருக்கும். அது பிடிப்பதெல்லாம் எறும்பு, கறையான், வண்டு, மற்ற விலங்குகள் தொடத் தயங்கும் நாற்றப் பூச்சி. வாயில் போட்ட பிறகு தலையை உதறும், தும்மும், எச்சில் வடியும். ஆனால் துப்பாது. கைகளிலும் கால்களிலும் தன் சிறுநீரையே தேய்த்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. பூச்சிக்கடியின் எரிச்சலைத் தணிக்க என்று ஒரு கருத்து. போகிற வழியெல்லாம் தன் வாசனையை விட்டுச்செல்ல என்று இன்னொரு கருத்து. எப்படியானாலும் தோட்டத்து ஓரத்தில் தேவாங்கு இருந்தால் விவசாயிக்குச் செலவில்லாத பூச்சிமருந்து.

இனி, மனிதர்கள் இந்த இரண்டையும் நடத்திய கதை.

குறிஞ்சிக்குத் தமிழில் ஒரு திணையே உண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார். கோடைக்கானலில் 1936-இல் எழுந்த கோயிலில் முருகனுக்கே குறிஞ்சி ஆண்டவர் என்று பேர். 2006-இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. அதே ஆண்டு கேரள அரசு வட்டவடை, கொட்டகாம்பூர்ப் பகுதியில் குறிஞ்சிக்காகவே 32 சதுர கிலோமீட்டரில் குறிஞ்சிமலை சரணாலயத்தை அறிவித்தது. பட்டா யாருக்கு, எல்லை எது என்ற இழுபறி அதன் பிறகும் பல ஆண்டு நீடித்தது வேறு கதை.

தேவாங்குக்குக் கிடைத்தது என்ன? ஒல்லியான பிள்ளையைக் கேலி செய்ய ஒரு பேர். அதன் கண்ணில் வசிய மை இருக்கிறது, கண்ணீர் மருந்துக்கு ஆகும் என்று சொல்லிப் பிடித்தவர்கள் உண்டு. குறி சொல்லவும் வித்தை காட்டவும் பிடித்தார்கள். தப்பிக்க அதற்குத் தெரிந்த ஒரே வழி, அசையாமல் கிளையோடு கிளையாக உறைந்துவிடுவது. பருந்தையும் பாம்பையும் ஏமாற்றும் அந்த உபாயம் டார்ச் வெளிச்சத்தில் செல்லாது. ஒளி பட்டால் கண்ணின் பின்புறம் அதைத் திருப்பி அடிக்கும். இரண்டு செந்நிறப் புள்ளிகள் தூரத்திலிருந்தே தெரியும். ஆய்வாளர்கள் அதை வைத்துத்தான் எண்ணுகிறார்கள், விளக்குக்குச் சிவப்புத் தாள் கட்டிக்கொண்டு. பிடிக்க வருகிறவன் அந்தத் தாளைக் கட்டுவதில்லை.

ஒன்றைக் கொண்டாடினோம், மற்றதை விரட்டினோம். எனவே பூ பத்திரம், தேவாங்குக்குத்தான் ஆபத்து என்று நினைக்கத் தோன்றும். ஐயுசிஎன் எனப்படும் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல் அப்படிச் சொல்லவில்லை. சாம்பல் தேவாங்கு அதில் அச்சுறுத்தலை நெருங்கிய இனம். 2024-இல் முதன்முறையாக மதிப்பிடப்பட்ட நீலக்குறிஞ்சி அதற்கு ஒரு படி மேலே, அழிவாய்ப்புள்ள இனம். மலை மலையாக நீலம் பூசும் செடிக்கு எப்படி அந்த நிலை வந்தது? பூத்த ஆண்டில் கூட்டத்தைப் பார்த்து மயங்கும் நாம், அது நிற்கும் தரை ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே வருவதைப் பார்ப்பதில்லை.

இங்கேதான் மேட்டுச் செடியும் பள்ளத்து விலங்கும் ஒரே கட்சி. காடு என்றதும் நமக்கு உயரமான மரம், இருட்டு, அருவி எல்லாம் நினைவுக்கு வரும். குறிஞ்சி இருப்பது புல்லில். தேவாங்கு இருப்பது முள்ளில். நம் கண்ணுக்கு இரண்டுமே சும்மா கிடக்கும் நிலம். சும்மா கிடக்கும் நிலத்தில் எதையாவது செய்யாவிட்டால் நமக்குத் தூக்கம் வராது.

மேலே என்ன செய்தோம்? புல்வெளியில் வாட்டில் மரம் நட்டோம், தோல் பதனிடப் பட்டை வேண்டுமென்று. காகிதக் கூழுக்கும் விறகுக்கும் யூக்கலிப்டஸ் நட்டோம். பைன் நட்டோம்; இன்று அந்தப் பைன் மரங்களுக்கு நடுவே நின்றுதான் பயணிகள் படமெடுத்துக்கொள்கிறார்கள். 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு இந்த நாற்பது ஆண்டில் போய்விட்டது என்று காட்டியது. தின்றது பெரும்பாலும் தோப்புகளும் விவசாயமும். மரம் நட்டால் புண்ணியம் என்று வளர்ந்த தலைமுறைக்கு இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும். வெட்டிவிட்டால் புல் திரும்பிவிடும் என்பதும் இல்லை. வாட்டில் விதை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடந்து, வெயில் பட்டதும் கூட்டமாக முளைக்கும்.

கீழே என்ன செய்தோம்? புதர்நிலத்தை அரசு ஆவணங்களே தரிசாக எண்ணின. நாட்டின் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர் மண்டிய நிலத்துக்கென்று தனி வகையே உண்டு. கல் குவாரிக்கும் வீட்டுமனைக்கும் முதலில் போவது அந்த நிலம்தான். போகாத இடத்தில் சீமைக்கருவேலம். தோட்டத்தைச் சுற்றியிருந்த கள்ளிவேலி கம்பிவேலி ஆனது. இது சின்ன மாற்றமாகத் தெரியலாம். தேவாங்குக்குக் குரங்கைப் போலத் தாவத் தெரியாது. ஒரு கிளையை விடுமுன் அடுத்ததைப் பற்றியாக வேண்டும். கள்ளியும் கொடியும் பின்னிய வேலி, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு அதன் நடைபாதை. அது போனால் தரையில் இறங்கித்தான் ஆக வேண்டும். தரையில் நாய். நாய்க்கு அப்பால் உங்கள் சாலை.

நல்லதும் நடந்திருக்கிறது. 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அது. வேடசந்தூர், நத்தம் வட்டங்கள் வரை அதன் பரப்பு நீள்கிறது. மேலே, 2013-இலேயே கோடைக்கானல் காட்டுயிர் சரணாலயம் சுமார் 609 சதுர கிலோமீட்டரில் அமைந்துவிட்டது. சட்டமும் இரண்டுக்கும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தேவாங்கு முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது நீலக்குறிஞ்சியும் பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பட்டியலில் சேர்ந்தது. காட்டிலிருந்து அதைப் பிடுங்குவது குற்றம்.

அறிவிப்பால் மட்டும் புல்லும் முள்ளும் பிழைக்காது. அந்த நிலத்தை மதிக்கிற கண்கள் வேண்டும். 2030-இல் இந்த மாவட்டத்துக்குள் இத்தனை கண்கள் ஒரே பருவத்தில் வரப்போவதால்தான் மடல் உங்களுக்கு எழுதப்படுகிறது. சில வேண்டுகோள்கள்.

ஓட்டுநர்களே: வையம்பட்டி தாண்டியதிலிருந்து வடமதுரை வரை இரவில் வேகத்தைக் குறையுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும். சாலையைக் கடக்கும் தேவாங்கு வெளிச்சம் பட்டால் ஓடாது, நின்றுவிடும்.

குடும்பத்தோடு வருகிறவர்களே: குறிஞ்சிச் சரிவில் பாதையை விட்டு இறங்காதீர்கள். படத்துக்காக உள்ளே போய் நின்ற ஒவ்வொரு இடமும் பன்னிரண்டு ஆண்டுச் சேமிப்பின் மேல் வைத்த கால். செடியைப் பிடுங்கிக் கொண்டுவந்து தொட்டியில் வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால், சட்டம் ஒருபுறம் இருக்க, பூத்த குறிஞ்சி எந்தத் தொட்டியிலும் பிழைக்காது என்று சொல்லுங்கள்.

காணொளி எடுப்பவர்களே: இந்தியாவில் குறிஞ்சிப் பேரினத்தில் ஏறக்குறைய 150 இனங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் காலக்கணக்கு வேறு. நீலக்குறிஞ்சியே மலைக்கு மலை ஆண்டு மாறிப் பூக்கும். ஏதோ ஒரு நீலப் பூவைக் காட்டி, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று ஆண்டுதோறும் சொல்லாதீர்கள். பூத்த இடத்தின் துல்லியமான வழியைப் பொதுவில் போடாமலும் இருக்கலாம். தேவாங்கு என்றால் கட்டாயம் போடவே கூடாது.

சுற்றுலா ஏற்பாட்டாளர்களே: 2031-க்கும் ஒரு பயணம் போடுங்கள். செடிகள் காய்ந்து பழுப்பேறி நிற்கும். கீழே மண்ணில் விதை கிடக்கும். தை, மாசியில் ஒரு பீடித் துண்டு போதும், சரிவு முழுவதும் எரிய. அந்த ஆண்டில்தான் மலைக்குக் காவல் தேவை. கூட்டமோ அப்போது ஊருக்குத் திரும்பியிருக்கும். புல்வெளி என்றால் என்ன, வாட்டில் நாற்றை ஏன் பிடுங்குகிறார்கள், வரையாடு எதைத் தின்கிறது என்று சொல்லிக் கூட்டிப்போக உள்ளூரில் ஆள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பூக்காத ஆண்டுகளில் கூலி வேண்டும்.

பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோருக்குக் கடைசியாக ஒன்று. திரும்பும் வழியில் வியாழக்கிழமையாக இருந்தால் அய்யலூர் ஆட்டுச் சந்தையில் இறங்கி ஒரு டீ குடியுங்கள். இந்தக் கரட்டில் தேவாங்கு பார்த்திருக்கிறீர்களா என்று ஆடு மேய்க்கும் பெரியவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். எந்தக் கிளுவையில் உறங்கும், எந்த மாதம் குட்டியோடு தெரியும் என்று அவர் சொல்லலாம். பிள்ளைகள் கேட்டுக்கொள்ளட்டும். டார்ச் மட்டும் வண்டியிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
திண்டுக்கல் மாவட்டத்துக்காரர் ஒருவர்